சந்தையா, சங்கக்கடையா, முடக்குக் கடைக் கொப்பியா: குறைந்த காசில் வீட்டுச் சாமான் எங்கே வாங்குவது?

யாழ்ப்பாணத்து இணுவிலில் இருக்கும் ஒரு தங்கை போன மாதம் கேட்டாள்: "அக்கா, சாமானுக்கு மாதம் 25,000க்கு மேல ஒதுக்க ஏலாது. சந்தைக்குப் போய் வாங்கிறது நல்லதோ, இல்லாட்டி முடக்குக் கடையில கொப்பி வைச்சுக் கடனுக்கு எடுக்கிறது நல்லதோ?" கணவர் மேசன். வேலை இருக்கிற நாளில்தான் காசு. வீட்டில் நாலு பேர்.

அதே கேள்வியைத் திருநெல்வேலியில் அறை எடுத்திருக்கும் நாலு பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கேட்டிருந்தார்கள். நெல்லியடிப் பக்கம் ஓய்வூதியத்தில் இருக்கும் ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் கேட்டார்கள். மூன்று வீட்டுக் கணக்கையும் எழுதிப் பார்த்தேன். மூவருக்கும் ஒரே கடையைச் சொல்ல முடியவில்லை. காசு கைக்கு எப்படி வருகிறது, நாட்கூலியாகவா, மாதச் சம்பளமாகவா என்பதைப் பொறுத்து, ஒருவருக்கு மலிவான கடை இன்னொருவருக்கு நட்டமாகிறது. ஆகவே கடை கடையாகப் பார்ப்போம். அதற்கு முன், எதை வைத்து அளப்பது என்று பேசிவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது கிலோ விலை. பக்கற்றில் போட்டிருக்கும் விலை நம்மை ஏமாற்றும். 50 கிராம் பக்கற் என்றால் 20ஆல் பெருக்குங்கள், 100 கிராம் என்றால் 10ஆல், 400 கிராம் என்றால் இரண்டரையால். உதாரணத்துக்கு 50 கிராம் மிளகாய்த்தூள் 110 ரூபா என்று வைத்தால், கிலோ 2,200 ரூபா ஆகிறது. கையில் 110 ரூபா கொடுக்கும்போது அது தெரிவதில்லை.

இரண்டாவது, சட்டிக்குள் போகிற நிறை. ஒரு கிலோ முழு மீன் வாங்கினால் தலை, குடல், செதிள் போக அறுநூறு எழுநூறு கிராம்தான் மிஞ்சும். தலையோடு வாங்கும் இறாலில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். பருப்பிலும் சோயாமீற்றிலும் கருவாட்டிலும் கழிக்க அநேகமாக ஒன்றுமில்லை.

மூன்றாவது, போய்வரும் செலவு. பஸ்ஸுக்குப் போக வர 100 ரூபா ஆகிறது, சந்தையில் கிலோவுக்கு 30 ரூபா மிச்சம் என்று வையுங்கள். நாலு கிலோவாவது வாங்கினால்தான் பஸ் காசு திரும்பி வரும். இரண்டு கிலோ கத்தரிக்காய்க்காகப் பஸ் ஏறினால் கையை விட்டுத்தான் போகும். சைக்கிள் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கே வேறு.

நாலாவது, ஒரே தடவையில் எவ்வளவு காசு போடவேண்டும் என்பது. கிலோ விலை எவ்வளவு குறைந்தாலும் 6,000 ரூபாவை இன்றைக்கே வைக்க முடியாதவருக்கு அந்த விலை கிடைக்காது. மலிவுக் குறிப்புகளை எழுதுகிற பலர் இதைப் பேசாமல் கடந்துபோகிறார்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது. காசு குறைந்தவர்தான் சின்னப் பக்கற் வாங்குகிறார், அதனால் அவர்தான் கூட விலை கொடுக்கிறார்.

கெட்டுப்போவது, சமைக்க ஆகும் காஸ், நம்முடைய நேரம் என்பவையும் கணக்கில் சேரும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## முடக்குக் கடையும் கொப்பியும்

ஒழுங்கை முடக்கில் இருக்கும் கடையில் கிலோ விலை கொஞ்சம் கூட. கடைக்காரரும் எங்கோ மொத்தமாக வாங்கி, ஏற்றிவந்து, 100 கிராம் 50 கிராமாக நிறுத்துக் கட்டித் தருகிறார். அந்த வேலைக்குக் கூலி இருக்கத்தான் வேண்டும். கொப்பிக் கணக்குக்கு வட்டி என்று அவர் ஒன்றும் எழுதுவதில்லை. ஆனால் விலைக்குள் அது இருக்கிறது.

எவ்வளவு என்று பார்ப்போம். வெளி விலையில் மாதம் 12,000 ரூபாவுக்கு வரும் சாமானைக் கொப்பியில் எடுக்கிறீர்கள், சராசரியாக நூற்றுக்கு 7 கூட என்றால், 840 ரூபா. கிலோ 230 ரூபா என்று வைத்தால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் நாட்டரிசி. உங்கள் கடையில் அந்த 7 எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அடிக்கடி வாங்கும் பத்துச் சாமானின் விலையை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை நகரத்துக்குப் போகும்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலையைவிடப் பெரிய மறைவுச் செலவுகள் இரண்டு இருக்கின்றன. கடன் நிற்கும்போது வேறு கடையில் வாங்கிக்கொண்டு அந்த வாசலால் போகக் கூச்சமாக இருக்கும். கையில் காசு வந்த நாளிலும் அங்கேயேதான் வாங்குவீர்கள். அடுத்தது, பிள்ளைகளை அனுப்பி எடுக்கும்போது பிஸ்கற், சோடா என்று ஏறும் சில்லறை. எங்கள் வீட்டில் ஒரு மாதம் கொப்பியைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தபோது, பருப்புக்குப் போனதைவிட பிஸ்கற்றுக்குக் கூடப் போயிருந்தது. அதற்குப் பிறகு நாங்களும் ஒரு கொப்பி வைத்துக்கொண்டோம். கடைக் கொப்பியில் எழுதும்போதே எங்கள் கொப்பியிலும் எழுதுவோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு 195 ரூபா. வேலையும் இல்லாத அந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது முடக்குக் கடைக் கொப்பியால்தான். சுகமில்லாத நேரம், மழைக்குள் வேலை நின்ற கிழமை, இரவு ஏழு மணிக்குப் பால்மா தீர்ந்த வேளை, இதற்கெல்லாம் பெரிய கடை எதுவும் உதவாது.

நாட்கூலி வீடுகளுக்கும், சைக்கிளும் ஓட ஆளும் இல்லாத வயதானவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் கொப்பியில் எடுப்பது இன்ன இன்ன சாமான்தான் என்று வரம்பு கட்டுங்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, தேயிலை என்று ஐந்து போதும். தூள், எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் காசுக்கு, வேறு இடத்தில்.

## சந்தை

மரக்கறிக்குச் சந்தையை வெல்ல வேறு இடமில்லை என்பது என் முடிவு. திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி என்று எந்தப் பக்கத்தில் இருந்தாலும் ஒரு சந்தை கிட்ட இருக்கிறது. தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் கொடிகாமம்.

எந்த நேரம் போகிறோம் என்பதுதான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது. காலையில் தெரிந்து எடுக்கலாம், விலை நிற்கும். சந்தை கலையும் நேரத்தில் மிஞ்சியதைக் கூறு போட்டு விற்பார்கள். 100 ரூபாக் கூறில் தக்காளி, கத்தரி, வெண்டி என்று கிடைப்பதை நிறுத்துப் பார்த்தால் காலை விலையில் பாதிக்கும் வரும். ஆனால் கூறில் அடியில் கிடப்பது மேலே கிடப்பதைப்போல் இருக்காது. தயங்காமல் கிளறிப் பாருங்கள். கூறு வாங்குவதென்றால் அன்றைக்கோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மூன்று கூறு வாங்கி ஒன்றை எறிந்தால் காலை விலைக்கே வாங்கியதாகிவிடும். கீரையை மட்டும் மத்தியானத்துக்குப் பிறகு வாங்காதீர்கள். வாடிய கட்டில் பாதி குப்பைக்குத்தான்.

எது இருக்கும், எது இருக்காது என்று தெரிந்தால் கிழமைக்கு ஒரு முறை போனாலே போதும். முழுப் பூசணிக்காய் மாதக்கணக்கில் இருக்கும், வெட்டிய துண்டு மூன்றாம் நாள் கெட்டுவிடும். ஆகவே முழுசாக வாங்கி மூன்று வீட்டுக்குப் பிரிப்பது நல்லது. கருணைக்கிழங்கு இருக்கும். மரவள்ளி இருக்காது, கிண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். வாழைக்காய் நாலைந்து நாள் தாங்கும்.

இன்னொன்று, எந்த ஊர் மரக்கறி என்று பார்ப்பது. போஞ்சியும் லீக்ஸும் மலைநாட்டில் விளைந்து லொறி ஏறி, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதையால் வருகின்றன. லொறிக் கூலியும் வழியில் நசிந்ததும் விலைக்குள் இருக்கும். கத்தரி, பயிற்றை, பாகல், புடோல், வெண்டி, முருங்கை, பூசணி, கீரை எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் விளைவது. கரட், கோவா, பீற்றூட் வாங்க ஆசையென்றால் தை, மாசி, பங்குனியில் வாங்குங்கள். அப்போது எங்கள் செம்மண்ணிலேயே விளைந்து சந்தைக்கு வரும்.

தோட்டக்காரரிடம் நேரே வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் சந்தைகளில் விவசாயி 100 கிலோ கொண்டு வந்தால் 10 கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டு 90 கிலோவுக்குத்தான் காசு கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. விவசாயிகள் அதை எதிர்த்துப் பலமுறை குரல் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்து வாசலில் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் அவருக்கு மிச்சம், வாங்குகிற நமக்கும் மிச்சம். இணுவில், கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் இருப்பவர்கள் இதை விடக்கூடாது. மாலையில் தண்ணீர் இறைக்கிற நேரம் போய்க் கேட்டால் ஆயும் நாளைச் சொல்வார்கள்.

மீனுக்கு வேறு கணக்கு. பாசையூர், நாவாந்துறை, காக்கைதீவு போன்ற கரையோரச் சந்தைகளில் ஏலம் கூறி விற்கும்போது ஒரு குவியலாக எடுத்தால் மலிவு. ஆனால் ஒரு வீட்டுக்கு அது கூட. நாலு வீடு சேர்ந்து ஒருவர் போய்வந்தால் கட்டுப்படியாகும். குறைந்த காசுக்கு விளைமீனையும் பாரையையும் பார்த்து ஏங்கவேண்டாம். சூடையும் நெத்தலியும் சத்தில் குறைந்தவை இல்லை. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கிறது. கொஞ்ச மீனும் ஒரு நண்டும் நாலு இறாலும்தான் கிடைத்தன என்றால், காய்ந்த பனங்கிழங்கு மாவான ஒடியல் மாவில் கூழாகக் காய்ச்சுங்கள். பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கை இலை போட்டால் குழம்பில் மூன்று பேருக்குக் காணாத மீன் எட்டுப் பேருக்கு வரும்.

சந்தையின் மறைவுச் செலவு நேரம்தான். போக, விலை கேட்டுச் சுற்ற, வர இரண்டு மணித்தியாலம் ஆகும். நாட்கூலிக்குப் போகிற பெண் அரை நாள் வேலையை விட்டுச் சந்தைக்குப் போனால் நட்டம். வேலை முடிந்து வரும் வழியில் சந்தை இருந்தால் கலையும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், அது நல்ல பொருத்தம்.

## மொத்தக் கடையில் பங்கு போட்டு வாங்குவது

மூட்டையாக வாங்கினால் எல்லாமே மலிவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாமானுக்குச் சாமான் பார்த்தபோது அப்படி இல்லை.

அரிசியை எடுங்கள். 2024 டிசம்பரில் அரசு அறிவித்த உச்ச விலையில் நாட்டரிசியின் மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. இடைவெளி 5 ரூபா. 25 கிலோ மூட்டைக்கு 125 ரூபா. நகரத்திலிருந்து ஓட்டோவில் ஏற்றிவந்தால் அந்த 125 எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அரிசியில் இலாபம் மெல்லிசு. அதைச் சுமந்து திரியாமல் வீட்டுக்குக் கிட்ட, நியாய விலைக்குக் கிடைக்கும் இடத்தில் வாங்குவதே சரி. காலபோக நெல் வெட்டி முடிகிற மாசி, பங்குனியில் தெரிந்த வயல்காரரிடம் நெல்லாக வாங்கி அவித்துக் குற்றுவிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும்.

மிச்சம் கிடைப்பது செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பருப்பு, கடலை ஆகியவற்றில். சின்னப் பக்கற்றுக்கும் மொத்த விலைக்கும் உள்ள தூரம் தூளில்தான் ஆகப் பெரிது. நாலு வீடு சேர்ந்து செத்தலும் மல்லியும் வாங்கி, வெயிலில் காயவிட்டு, வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்தால் இரண்டு மூன்று மாதத்துக்குக் காணும். விலையும் குறைவு, வாசமும் நிற்கும். கடைத்தூளில் கறி சப்பென்று இருந்து இரண்டு கரண்டி போடுகிற இடத்தில் வீட்டுத்தூள் ஒரு கரண்டி போதும்.

பிழை எங்கே வரும் என்றும் சொல்லவேண்டும். ஒரு மாரியில் மலிவாகக் கிடைத்தது என்று 10 கிலோ சின்ன வெங்காயம் வாங்கி, வந்த பையிலேயே ஒரு கிழமை விட்டுவிட்டேன். மூன்று கிலோ அழுகிப்போனது. மிச்சம் பிடித்ததைவிடக் கூடப் போனது. வெங்காயத்தைக் காற்றுப்படப் பரப்பவோ பிடி கட்டித் தொங்கவிடவோ வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை ஈரக் காற்று. அந்த மூன்று மாதமும் மூட்டைக் கணக்கில் எதையும் வாங்காதீர்கள். பருப்புக்கும் அரிசிக்கும் வண்டு வராமல் நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ நாலு செத்தலோ போட்டு, இறுக்கமாக மூடும் வாளியில் வையுங்கள்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. 6,000 ரூபாவைச் சாமானில் முடக்கிவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று கைமாற்று வாங்க வேண்டிவரும். 2022இல் விலை நாளுக்கு நாள் ஏறியது, அப்போது வாங்கி வைத்தவர் தப்பினார். இப்போது விலை அந்த வேகத்தில் ஓடவில்லை. ஆகவே கிலோ விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் மட்டும் மொத்தமாக வாங்குங்கள்.

மாதச் சம்பளக்காரருக்கும், ஒத்துப்போகும் அயலவர் இருப்பவருக்கும் இது பொருந்தும். பங்கு பிரிக்கும்போது தராசில் நிறுத்து, காசை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அயலுக்குள் மனக்கசப்பு வந்தால் எந்த மிச்சமும் அதற்கு ஈடாகாது.

## சங்கக்கடையும் சதொசவும்

கூட்டுறவுச் சங்கம் நடத்தும் சங்கக்கடை எங்களுக்குப் பங்கீட்டுக் காலத்திலிருந்தே பழக்கம். 2006 ஓகஸ்டில் போரினால் ஏ9 பாதை மூடப்பட்டு, சாமான் கப்பலில் வந்த நாட்களில் அட்டையும் பையுமாக அம்மா வரிசையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. கிடைத்த பருப்பை அளந்து, கீரையோடு சேர்த்து, ஒரு நேரத்தை இரண்டு நேரமாக்கினார். நான் இன்றைக்கும் அப்படித்தான் சமைக்கிறேன்.

இன்றைக்குச் சங்கக்கடையிலும் அரசாங்கக் கடையான லங்கா சதொசவிலும் சீனி, பருப்பு, மா, ரின்மீன் போன்ற அத்தியாவசியச் சாமான்களை விலை பார்த்து வாங்கலாம். சதொச அவ்வப்போது சில சாமான்களுக்கு விலையைக் குறைத்து அறிவிக்கும். அந்த நாட்களில் போனால் மிச்சம். எல்லாக் கிளையிலும் எல்லாச் சாமானும் இருக்காது, ஒரு பக்கற்றுக்காகப் போய் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். கடன் இல்லை, வீட்டுக்குக் கிட்ட இல்லை. மாதம் ஒரு முறை, பட்டியலோடு, வேறு அலுவலுக்கு அந்தப் பக்கம் போகும்போது போனால் சரி. அரசாங்க உதவிப் பணமான அஸ்வெசுமக் காசு எடுக்க வங்கிக்குப் போகும் நாளையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம். காசு வீட்டுக்கு வருவதற்கு முன் உலர் சாமானாகிவிடும்.

## சுப்பர்மார்க்கெட்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வங்கி அட்டைக்கு விலைக்கழிவு கொடுக்கும் நாளில் எண்ணெய், சவர்க்காரம், பற்பசை வாங்க நல்லது. விலை எழுதியிருக்கும், நிறை சரியாக இருக்கும், 100 கிராம் பருப்பு வேண்டுமென்றாலும் உதிரியாக நிறுத்து எடுக்கலாம். மரக்கறிக்குச் சந்தையை விட்டு இங்கே வரவேண்டாம். குளிர்க் காற்றில் தள்ளுவண்டியோடு நடக்கும்போது பட்டியலில் இல்லாத நாலு சாமான் ஏறிவிடும், அதுதான் இதன் மறைவுச் செலவு. வண்டியை விட்டுவிட்டுக் கைக்கூடையை எடுங்கள்.

எந்தக் கடையிலும் பக்கற்றில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

## எதை எங்கே: என் பட்டியல்

| சாமான் | முதல் தெரிவு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| அரிசி, மா | வீட்டுக்குக் கிட்ட, நியாய விலைக் கடை | மூட்டையில் மிச்சம் குறைவு, ஏற்றுகூலி விழுங்கும் |
| பருப்பு, கடலை, பயறு | பங்கு போட்டு மொத்தமாக, அல்லது சதொச | மாரியில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கவேண்டாம் |
| மிளகாய்த்தூள், மல்லி, சீரகம் | மொத்தமாக வாங்கி மில்லில் அரைப்பது | வெயில் காலத்தில் செய்யவேண்டும் |
| மரக்கறி | சந்தை, தோட்டத்து வாசல் | கூறு வாங்கினால் மறுநாளுக்குள் சமைக்கவேண்டும் |
| மீன் | கரையோரச் சந்தை, நாலு வீடாக | கழிவு போன நிறையைக் கணக்கிடுங்கள் |
| தேங்காய் | கொடிகாமம், அல்லது வளவுக்காரரிடம் | எண்ணிக்கையோடு பருமனையும் பாருங்கள் |
| எண்ணெய், சவர்க்காரம் | விலைக்கழிவு நாளில் சுப்பர்மார்க்கெட் | பட்டியலுக்கு வெளியே போகவேண்டாம் |
| பால்மா | எங்கும் | அச்சிட்ட விலைதான், இதற்கென்று தூரம் போகவேண்டாம் |

தேங்காய் பற்றி ஒரு வார்த்தை. பாதி மிஞ்சினால் கண் இருக்கிற பாதியை முதலில் திருவுங்கள், அதுதான் முதலில் கெடும். மற்றப் பாதிக்கு உப்புத் தடவி வைத்தால் மறுநாளுக்குத் தாங்கும். முதற்பாலைக் கறிக்கு எடுத்து, இரண்டாம் மூன்றாம் பாலில் சொதி வைத்தால் ஒரு தேங்காய் இரண்டு நேரத்துக்கு வரும். தேங்காய் விலை ஏறியிருக்கும் காலத்தில் சம்பலைக் கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைத்தாலே பெரிய மிச்சம் தெரியும்.

காஸையும் மறக்காதீர்கள். மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்தில் அவியும். கடலையை ஊறப்போடாமல் அவித்தால் மலிவாக வாங்கியது அடுப்பில் போய்விடும். இரவே ஊறப்போட்டு, பனை மட்டையும் தேங்காய்ப் பொச்சும் கிடைக்கிற வீடென்றால் விறகடுப்பில் அவியுங்கள். 100 கிராம் மைசூர்ப் பருப்பில் 24 கிராம் அளவு புரதம் இருக்கிறது, சோயாமீற்றில் அதைப்போல் இரண்டு மடங்கு. இறைச்சி வாங்க முடியாத கிழமையில் இவை இரண்டும் பிள்ளைகளுக்குப் போதுமான துணை.

## நாளும் மாதமும் பார்த்து

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊர் முழுக்கச் சைவம். மரக்கறி விலை ஏறும், மீன் விலை இறங்கும். விரதம் பிடிக்காத வீடென்றால் அந்த நாட்கள்தான் மீனுக்கு நல்ல காலம். கருவாடு போட்டு வைக்கவும் வெயில் இருக்கும். விரதம் பிடிக்கும் வீடென்றால் கொடியேறும் முன்பே பூசணி, கருணைக்கிழங்கு, பயறு, கடலை வாங்கி வைத்துவிடுங்கள். கந்தசஷ்டிக்கும் இதே கதைதான், அது மழையோடு வருவதால் மரக்கறி இன்னும் விலை. கார்த்திகை, மார்கழியில் தோட்டங்களுக்குள் வெள்ளம் நிற்கும், அப்போது வளவு முருங்கை இலையும் பருப்பும் கருவாடும்தான் கைகொடுக்கும். தை பிறந்ததும் பனங்கிழங்கு வரும். அவித்தால் ஒரு நேரச் சாப்பாடு, காயவைத்தால் ஒடியலும் புழுக்கொடியலும் வருடம் முழுக்க.

## மூன்று வீட்டுக்கும் சொன்னது

இணுவில் தங்கைக்கு: கொப்பியை மூடவேண்டாம். ஐந்து சாமானுக்கு மட்டும் வை. கணவருக்குத் தொடர்ந்து வேலை இருக்கிற கிழமையில் நாளுக்கு 200 ரூபாவைப் பேணிக்குள் போடு. மாதக் கடைசியில் அதைக் கொண்டு அயல் மூன்று வீட்டோடு தூளுக்கும் பருப்புக்கும் பங்கு போடு. மரக்கறிக்கு மருதனார்மடத்துக்குச் சைக்கிளில், கிழமைக்கு இரண்டு தடவை, கலையும் நேரத்துக்குப் போ. மூன்றாம் மாதத்தில் பருப்பும் கொப்பிக்கு வெளியே வந்துவிடும். "கடை ஐயா கோவிக்க மாட்டாரோ?" என்று கேட்டாள். கடனைச் சொன்ன நாளில் கட்டினால் கோவிக்கமாட்டார் என்றேன்.

நெல்லியடி ஆசிரியருக்கும் அக்காவுக்கும்: மாதம் பிறந்ததும் ஓய்வூதியம் வருகிறது, இரண்டு பேர்தான் சாப்பிடுகிறீர்கள். மொத்தமாக வாங்கினால் மிஞ்சும், பழுதாகும். உலர் சாமானை மாதம் ஒரு முறை சங்கக்கடையிலோ சதொசவிலோ அளவாக எடுங்கள். மீனைக் காலையில் வாசலுக்கு வருபவரிடமே வாங்குங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஓட்டோக் காசைவிடக் குறைவு. அரைப் பரப்பு வளவு சும்மா கிடக்கிறது. கிணற்றடிக் கழிவுத் தண்ணீர் போகிற பக்கம் நாலு வாழை, வேலியோரம் இரண்டு முருங்கைத் தடி, வாசலில் கறிவேப்பிலையும் தேசியும் வைத்தால் ஒரு வருடத்தில் சந்தைச் செலவு நன்றாகக் குறையும்.

பிள்ளைகளுக்கு: நீங்கள் ஆளுக்கு ஆள் சாப்பாட்டுப் பார்சல் வாங்குவதுதான் உங்கள் காசைத் தின்கிறது. நாலு பேருக்கு ஒரு நேரம் அரைக் கிலோ அரிசி போதும். சந்தை நடந்துபோகும் தூரத்தில். ஒருவர் கூறு வாங்கி வர, ஒருவர் சமைக்க, ஒருவர் கழுவ, ஒருவர் கணக்கெழுத என்று கிழமைக்குக் கிழமை மாற்றிக்கொள்ளுங்கள். மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. இரவுக்குக் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். ஊருக்குப் போகிறவர் வரும்போது வீட்டுத்தூள் அரைக் கிலோ கொண்டுவரட்டும், தூள் செலவே இல்லை. சோதனைக் காலத்தில் சமைக்க நேரமில்லாவிட்டால் பார்சல் வாங்குங்கள், ஆனால் சோற்றை அறையில் வைத்துக் கறியை மட்டும் வாங்கினால் காணும்.